பி.ஆர்.சி.ஏ.வா, ஹார்மோன் ஏற்பி மரபணுவா: எந்த முடிவுக்கு எவ்வளவு எடை?

குப்பியில் எச்சிலைத் துப்பி அனுப்பினால் மரபணு அறிக்கை வந்துவிடும் காலம் இது. அதில் மார்பகப் புற்றுநோய் பக்கத்தில் பி.ஆர்.சி.ஏ.1 என்ற மரபணுவும் இருக்கலாம், ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் வந்து ஒட்டும் புரதமான ஏற்பிக்குரிய இ.எஸ்.ஆர்.1 மரபணுவும் இருக்கலாம். இரண்டையும் ஒரே தராசில் போடக் கூடாது.

பி.ஆர்.சி.ஏ.1 எங்கே இருக்கிறது என்பதை 1990இல் அமெரிக்க மரபியலாளர் மேரி-கிளேர் கிங் 17ஆம் குரோமோசோமில் காட்டினார். 1994இல் மரபணுவே கையில் கிடைத்தது. உடைந்த டி.என்.ஏ.வைப் பழுதுபார்ப்பதுதான் அதன் புரதத்துக்கு வேலை. அது கெட்டுப்போன நிலையில் பிறந்த பெண்களுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 72 சதவீதம், பி.ஆர்.சி.ஏ.2 என்றால் 69 என்று 2017இல் ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. குறை ஒன்று உண்டு: இந்த நோய் வருபவர்களில் பெரும்பாலோரிடம் இப்படிப்பட்ட மாற்றமே இருக்காது.

அப்போது ஹார்மோன் ஏற்பிகள் மேல் சந்தேகம் விழுந்தது நியாயம்தான். ஈஸ்ட்ரோஜன் வந்து ஏற்பியில் ஒட்டினால் மார்பகச் செல் பெருகுகிறது. அந்த ஏற்பியின் மரபணுவில் ஆளுக்கு ஆள் சிறு வேறுபாடு இருந்தால் ஆபத்தும் மாற வேண்டும் அல்லவா? 1990களிலும் அடுத்த பத்தாண்டிலும் இ.எஸ்.ஆர்.1-இன் பி.வி.யு.2, எக்ஸ்.பி.ஏ.1 மாறுபாடுகளைச் சுற்றி ஆய்வுகள் குவிந்தன. இன்னொரு ஹார்மோனான புரோஜெஸ்டிரோனின் ஏற்பி மரபணுவில் 306 டி.என்.ஏ. எழுத்துகள் கூடுதலாகச் செருகியிருக்கும் 'புரோஜின்ஸ்' வகையும் அந்த வரிசையில் நின்றது. ஒரு ஆய்வு ஆமாம் என்றது, அடுத்தது இல்லை என்றது. சிறு கூட்டத்தை வைத்துச் செய்தால் அப்படித்தான் ஆகும்.

திருப்பம் 2009இல் ஷாங்காய் பெண்களிடம் நடந்த ஆய்வில் வந்தது. மரபணுத் தொகுதி முழுவதையும் துழாவியதில், 6ஆம் குரோமோசோமில் இ.எஸ்.ஆர்.1-க்குள் அல்ல, அதற்குச் சற்று வெளியே ஆபத்தோடு தொடர்புள்ள ஒரு மாறுபாடு சிக்கியது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்த ஒரு பிரதி இருந்தால் ஆபத்து சுமார் 1.36 மடங்கு, இரண்டு இருந்தால் 1.59. கேட்கப் பெரிதாக இருக்கிறது. நூற்றுக்கு நான்கு பேருக்கு நோய் வரும் ஊர் என்று வைத்துக்கொண்டால், ஒரு பிரதி அதை ஐந்தரை ஆக்குகிறது, அவ்வளவுதான். ஐரோப்பியப் பெண்களில் விளைவு இன்னும் மெலிது.

எனக்கு மிகவும் பிடித்தது இதே பகுதியில் 2014இல் லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண்களிடம் கண்டெடுத்த மாறுபாடு. அமெரிக்கப் பூர்வகுடிகள் வழியாக வந்த அது ஆபத்தைக் கூட்டவில்லை, குறைத்தது. ஒரு பிரதிக்கே ஏறத்தாழ 40 சதவீதக் குறைவு. ஒரு மக்கள் கூட்டத்தில் மட்டும் தேடியிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

இத்தகைய சிறு மாறுபாடுகள் தனித்தனியாக உதவாது, கூட்டிப் பார்த்தால்தான் பலன். 313 மாறுபாடுகளைச் சேர்த்து 2019இல் வெளிவந்த ஆபத்து மதிப்பெண் அந்த வகை. ஆனால் அது ஐரோப்பிய வம்சாவளிப் பெண்களின் தரவில் செய்தது. தெற்காசியப் பெண் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆக, குடும்பத்தில் இளம் வயதிலேயே மார்பகப் புற்றுநோயோ சினைப்பைப் புற்றுநோயோ வந்திருந்தால், என் ஓட்டு பி.ஆர்.சி.ஏ. உள்ளிட்ட பரிசோதனைக்கே; அதுவும் மரபணு ஆலோசகரிடம் பேசிவிட்டு. ஏற்பி மரபணுவின் ஒற்றை மாறுபாட்டுக்காகத் தனியாகப் பணம் கட்ட வேண்டாம்.

இன்னொரு குழப்பம். பயாப்சி அறிக்கையில் 'ஈ.ஆர். பாசிட்டிவ்' என்று இருந்தால், கட்டியின் செல்களில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி (ஈ.ஆர்.) இருக்கிறது என்று பொருள். அது பரம்பரைச் செய்தி அல்ல. சிகிச்சைக்குப் பின் நோய் பரவியவர்களின் இரத்தத்தில் இ.எஸ்.ஆர்.1-இன் ஒய்537எஸ், டி538ஜி மாற்றங்கள் தெரிவதுண்டு. ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியைத் தடுக்கும் மாத்திரைகளுக்குத் தப்பிக்கக் கட்டி தானே உண்டாக்கிக்கொண்டவை அவை. அமெரிக்காவில் 2023இல் அனுமதி பெற்ற எலாசெஸ்ட்ரன்ட் மாத்திரையைத் தரலாமா என்று முடிவு செய்ய மருத்துவருக்கு அந்தத் தகவல் தேவை. அதைப் பார்த்துவிட்டு மகளைப் பரிசோதனைக்கு அழைத்துப் போக வேண்டியதில்லை.