நான்கு மாதக் கவசமும் எட்டுப் பன்றிகளும்: விரிவாக்கங்களுக்குப் பணம் கொடுத்த அனுபவம்

ஓர் ஆன்லைன் விளையாட்டில் நான்கு மாதம் உழைத்து ஒரு தலைக்கவசம் சம்பாதித்தேன். வாரத்தில் இரண்டு இரவு, இருபது பேர் கூடி, ஒரே அரக்கனிடம் தோற்றுத் தோற்று, ஒருவர் தவறை இன்னொருவர் பொறுத்துப் போய், கடைசியில் அவனை வீழ்த்தியபோது கிடைத்தது அது. அது யாருக்கு என்று தீர்மானிக்கும் பகடை எனக்கு விழுந்தது. அன்றிரவு எங்கள் ஆட்டக்காரர் குழுவான கில்டு மொத்தமும் என்னை வாழ்த்தியது. அடுத்த சில வாரங்களில் அந்த விளையாட்டின் புதிய விரிவாக்கம் (புதிய நிலமும் கதையும் சேர்த்துத் தனி விலைக்கு விற்கும் தொகுப்பு) வெளிவந்தது. முன்பதிவு செய்து வைத்திருந்தேன். புதிய நிலத்தில் இறங்கி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, வயலில் புகுந்த பன்றிகளை விரட்டித் தரச் சொன்னார் ஒரு விவசாயி. எட்டுப் பன்றிகளை விரட்டியதற்கு அவர் கொடுத்த தோல் தொப்பி, என் தலைக்கவசத்தை எல்லா எண்களிலும் மிஞ்சியது.

இரண்டின் மீதும் மவுஸை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தது இன்னும் நினைவில் இருக்கிறது. தொப்பியை மாட்டினால் வலிமை கூடும், உயிர்ப்புள்ளி கூடும், எல்லாம் பச்சை எழுத்து. கவசத்துக்கு ஆதரவாக ஒரு வரிகூட இல்லை. தொப்பியை மாட்டிக்கொண்டேன். கவசத்தை விற்க மனம் வராமல் வங்கிப் பெட்டியில் போட்டேன். அது இன்றும் அங்கேதான் இருக்கிறது.

ஆன்லைன் ரோல்பிளேயிங் விளையாட்டுகளில் எனக்குப் பதினைந்து ஆண்டு ஆகிறது. சந்தா கட்டுவது, கட்டாதது என்று மாறி மாறி ஆடியதில் பத்துக்கு மேற்பட்ட விரிவாக்கங்களைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். "கொடுத்த பணத்துக்குத் தகுமா?" என்று யாராவது கேட்டால், முன்பெல்லாம் மணிக்கணக்கைச் சொல்வேன். விலையை ஆடும் நேரத்தால் வகுத்துப் பார், சினிமா டிக்கெட்டைவிட மலிவு என்பேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. ஒரு நாளைக்கு ஒரு முறைதான் செய்யலாம் என்ற குவெஸ்டை, அதாவது விளையாட்டு தரும் பணியை, முப்பது நாள் செய்ய வைத்தால் மணி நேரம் தானாக ஏறிவிடும். பறக்கும் வசதியைப் பல மாதம் பூட்டிவைத்து எல்லோரையும் நடக்க விட்டாலும் ஏறும். ஆடியவருக்கு அந்த நேரத்தில் என்ன கிடைத்தது என்பதை வகுத்தல் கணக்கு காட்டாது.

இப்போது நான் பார்ப்பது ஒன்றைத்தான். இதை வாங்கினால் நான் ஏற்கெனவே வைத்திருப்பது பெருகுகிறதா, செத்துப்போகிறதா? வாங்காமல் விட்டால் இருக்கிற இடத்திலாவது நிம்மதியாக இருக்க முடியுமா?

இந்த வியாபாரம் பழையது. 1999இல் வந்த எவர்குவெஸ்ட் அடுத்த ஆண்டே தன் முதல் விரிவாக்கத்தை விற்றது. இன்று அதன் விரிவாக்கங்கள் முப்பதைத் தாண்டிவிட்டன. 2004இல் தொடங்கிய வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2007இல் தன் முதல் விரிவாக்கத்தோடு, கதாபாத்திரம் எட்டக்கூடிய உச்ச லெவலை 60இலிருந்து 70 ஆக்கியது. அதன்பின் ஒவ்வொரு விரிவாக்கத்திலும் ஐந்தோ பத்தோ ஏறி, 2018இல் 120 வரை போனது. 2020இல் ஷேடோலேண்ட்ஸ் விரிவாக்கம் வந்தபோது நிறுவனமே எண்களைச் சுருக்கி உச்சத்தை மறுபடியும் 60 ஆக்கிவிட்டது. பதின்மூன்று ஆண்டு ஏறிய ஏணியின் உச்சி மீண்டும் 60! அந்த எண்களுக்குத் தனியாக ஒரு மதிப்பும் இருந்ததில்லை என்பது எனக்கு அன்று உறைத்தது. உண்மையில் நாம் வாங்கியது புதிய நிலம், புதிய கதை, கூட ஆட ஆட்கள். எண்கள் ஏறியது, பழைய கவசத்தைக் கழற்ற வைக்கத்தான்.

சந்தா விளையாட்டுகளில் இன்னொரு கணக்கைப் பலர் போடுவதில்லை. வார்கிராஃப்ட் போன்ற ஒன்றில் விரிவாக்கத்தின் அடிப்படை விலை ஏறக்குறைய மூன்றரை மாதச் சந்தாவுக்குச் சமம். ஒரு விரிவாக்கத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே சுமார் இரண்டு ஆண்டு ஓடுகிறது. விடாமல் ஆடுகிறவர் அதற்குள் விரிவாக்கத்தின் விலையைப்போல் ஏழு மடங்கைச் சந்தாவாகவே கட்டிவிடுகிறார். ஆகவே விரிவாக்கப் பெட்டியின் விலையைப் பற்றிச் சண்டை போடுவதைவிட, அந்த இரண்டு ஆண்டில் இலவசப் பேட்ச்சுகள் (புதுப்பிப்புகள்) எத்தனை, எவ்வளவு இடைவெளியில் வந்தன என்று பார்ப்பதுதான் முக்கியம். வார்கிராஃப்ட்டின் வார்லார்ட்ஸ் ஆஃப் டிரேனோர் விரிவாக்கக் காலத்தில் 2015 ஜூனில் கடைசிப் பெரிய பேட்ச் வந்தது. அடுத்த விரிவாக்கம் வந்தது 2016 ஆகஸ்ட் இறுதியில். நடுவே பதினான்கு மாதம் ஒரே ரெய்டு (பலர் கூடி அரக்கர்களை வீழ்த்தும் சவால்). அந்த மாதங்களிலும் சந்தா ஓடிக்கொண்டுதான் இருந்தது. பெட்டிக்குள் இருந்த லெவல் ஏற்றும் கதை எவ்வளவு அருமையாக இருந்தாலும் இதை நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன்.

எனக்கு மனநிறைவு கொடுத்தது கில்ட் வார்ஸ் 2. சந்தா இல்லை. 2012இல் வெளிவந்த நாளிலிருந்து உச்ச லெவல் 80தான், இன்றுவரை மாறவில்லை. 2013இல் பாடுபட்டுச் செய்த அசெண்டட் என்ற உயர்தரக் கவசத்தைப் போட்டுக்கொண்டு இன்று வந்த வரைபடத்துக்குள் போனாலும் அதன் எண்கள் முதல்தரம்தான். அப்படியென்றால் விரிவாக்கத்தில் எதை விற்கிறார்கள்? 2015இல் ஹார்ட் ஆஃப் தார்ன்ஸில் கிளைடரை விற்றார்கள். 2017இல் பாத் ஆஃப் ஃபயரில் சவாரி விலங்குகளை விற்றார்கள்.

அந்தச் சவாரி விலங்குகளில் முதலாவதான ராப்டர் கைக்கு வந்த நாளைச் சொல்ல வேண்டும். பாலைவனத்தின் தொடக்கத்திலேயே அதைக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டு கால்களில் ஓடும் பல்லி போன்ற உருவம். பள்ளத்தின் விளிம்புவரை ஓடவிட்டுத் தாவும் பொத்தானை அழுத்தினால், உடல் நீண்டு, வால் பின்னால் விறைத்து, எதிர்க்கரையில் போய் விழுந்து இரண்டடி சறுக்கி நிற்கும். அந்தச் சறுக்கலில் அதற்கு எடை இருப்பது தெரியும். பத்து நிமிடம் வேறு எதுவும் செய்யாமல் தாவிக்கொண்டே இருந்தேன். பிறகு அதன் மேல் ஏறி, ஐந்து ஆண்டுக்கு முன் முதன்முதலில் விளையாடத் தொடங்கிய பழைய வரைபடத்துக்குப் போனேன். எத்தனையோ முறை சுற்றிக்கொண்டு போன ஆற்றுப் பள்ளத்தை ஒரே தாவலில் கடந்தேன். காசு கொடுத்தது புதிய பாலைவனத்துக்கு. ஆனால் பழைய காடும் மலையும் சேர்ந்து புதிதாகிவிட்டன. மலை உச்சிகளுக்கு வழி தேடி ஏறிய சுகம் இதனால் போய்விட்டது என்று வருந்தும் பழைய ஆட்டக்காரர்கள் உண்டு, அவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. எனக்கு மட்டும் அந்த ஒரு விரிவாக்கத்தின் விலை முதல் வாரத்திலேயே திரும்பிவிட்டது. 2023 முதல் அவர்கள் ஆண்டுக்கொன்றாகச் சிறிய விரிவாக்கங்களைக் கொண்டுவந்து, உள்ளே இருப்பதைத் தவணை தவணையாகத் தருகிறார்கள். அந்த வகையில் முதலாவதை எல்லாத் தவணையும் வந்து சேர்ந்த பிறகே வாங்கினேன், குறை தெரியவில்லை.

வாங்கியது கையில் நிற்குமா என்பது தனிக் கேள்வி. துப்பாக்கிச் சண்டையும் ரோல்பிளேயிங்கும் கலந்த டெஸ்டினி 2இல் 2020 நவம்பரில் மூலக் கதையையும் முதல் இரண்டு விரிவாக்கங்களின் கதைகளையும் விளையாட்டிலிருந்தே எடுத்துவிட்டார்கள். 2022 பிப்ரவரியில் அடுத்த விரிவாக்கமான ஃபர்சேக்கனின் கதையும் போனது. விளையாட்டின் அளவு கட்டுக்கடங்காமல் பெருத்துவிட்டது என்பது அவர்கள் சொன்ன காரணம். தொழில்நுட்பச் சிரமம் உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் காசு கொடுத்து வாங்கியவனுக்கு அதைத் திரும்ப ஆடிப் பார்க்க வழியில்லை என்றால், அவன் வாங்கியது வீடு அல்ல, வாடகைக்குக் குடியிருந்திருக்கிறான். அதை விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட என்னை அதிகம் பாதித்தது மனிதர்கள் விஷயம். தலைக்கவசத்தைப் பற்றிச் சொன்னேனே, அதே விளையாட்டு. எங்கள் கில்டில் ஒரு ஹீலர் (சண்டையில் மற்றவர்களின் காயத்தை ஆற்றுபவர்) இருந்தார், கல்லூரி மாணவர். நான்கு மாதமும் ஒரு இரவுகூடத் தவறாமல் வந்தவர். அந்தக் கவசம் என் கைக்கு வந்ததில் பாதிப் பங்கு அவருடையது. விரிவாக்கம் வந்த அன்று அவரிடம் அதை வாங்கப் பணம் இல்லை. "அண்ணா, அடுத்த மாதம் வாங்கிவிடுகிறேன். என் இடத்தை வைத்திருங்கள்" என்று சாட்டில் எழுதினார். வைத்திருப்பதாகச் சொன்னேன். நாங்கள் பத்தொன்பது பேர் புதிய கண்டத்துக்குப் போய்விட்டோம். அவரால் சாட்டில் எங்களோடு பேச முடிந்தது, எங்கள் அருகில் வர முடியவில்லை. உறுப்பினர் பட்டியலில் பத்தொன்பது பெயருக்கு எதிரே புதிய ஊர்களின் பெயர்கள், அவர் பெயருக்கு எதிரே மட்டும் பழைய தலைநகரம். தினமும் அதே. ரெய்டு தொடங்கும் நாள் வந்தது. ஹீலர் இல்லாமல் உள்ளே நுழைய முடியாது. வேறொருவரைச் சேர்த்தார்கள், நானும் சரி என்றேன். ஒரு மாதம் கழித்து அவர் சொன்னபடியே வாங்கி, லெவல் ஏறி வந்து நின்றபோது இடம் இல்லை. மாற்று ஆளாக இரண்டு வாரம் காத்திருந்தார். அப்புறம் பட்டியலில் அவர் பெயர், ஆட வராதவர்களைப்போல் சாம்பல் நிறமானது, திரும்ப வெள்ளையாகவில்லை.

அவர் கொடுத்த பணத்துக்கு என்ன கிடைத்தது? புதிதாக ஒன்றும் இல்லை, முன்பு இருந்த இடத்தில் தொடர்ந்து இருப்பதற்கான அனுமதிதான். அதுவும் காலம் கடந்து கிடைத்தது. பதினைந்து ஆண்டில் நான் வாங்கியவற்றில் பாதியாவது இந்த வகைதான் என்று இப்போது தோன்றுகிறது. ஆசைப்பட்டு வாங்கியவை குறைவு. நண்பர்கள் போய்விடுவார்களே என்ற பயத்தில் வாங்கியவைதான் அதிகம். இந்தப் பயத்தை வைத்து விலை போடுவது எனக்குப் பிடிக்கவில்லை. இப்போது அதையும் பிரித்து விற்கிறார்கள். 2024இல் வார்கிராஃப்ட்டின் தி வார் விதின் விரிவாக்கம் வந்தபோது, அதிக விலையுள்ள பதிப்பை வாங்கியவர்களுக்கு சில நாள் முன்னதாகவே கதவு திறந்தது. முதல் நாள் கூட்டம் எல்லோரும் சேர்ந்து அனுபவிக்கிற ஒரே பொழுது, அதையும் இரண்டு வரிசையாக்கியிருக்க வேண்டாம்.

விரிவாக்கம் விற்றால்தான் விளையாட்டு நடத்த முடியும் என்பதையும் நான் ஏற்பதில்லை. ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்பில் உறுப்பினர் சந்தாவுக்குள்ளேயே எல்லாம் வந்துவிடுகிறது. 2024 மார்ச்சில் வர்லாமோர் என்ற புதிய நிலப்பகுதியின் முதல் பாகத்தைத் தனிக் கட்டணம் இல்லாமல் திறந்தார்கள். புதிதாகச் சேர்க்கும் பெரிய விஷயங்களை ஆட்டக்காரர்களின் வாக்குக்கு விடுகிறார்கள், நூற்றுக்கு எழுபது பேர் சம்மதித்தால்தான் உள்ளே வரும். பிரம்மாண்டமான கதைக் காட்சிகள் அங்கே கிடையாது என்பது உண்மைதான். அவற்றைச் செய்யச் செலவாகும், அதற்குத் தனி விலை கேட்பதில் எனக்கு ஆட்சேபமும் இல்லை.

எனவே இப்போது என் வழக்கம் இது. கில்டு மொத்தமும் ஒன்றாகப் போவதாக இருந்தால், ஒருவரும் பின்தங்க மாட்டார்கள் என்று உறுதியானால், முதல் நாளே வாங்குகிறேன். முதல் மாதக் கூட்டத்துக்கு ஈடு இல்லை, பிறகு எவ்வளவு கொடுத்தாலும் அது கிடைக்காது. தனியாகக் கதைக்காக ஆடுவதாக இருந்தால் இரண்டாவது பெரிய பேட்ச் வரும்வரை பொறுக்கிறேன். அதற்குள் பிழைகள் திருத்தப்பட்டிருக்கும், விலையும் சில நேரம் இறங்கியிருக்கும். வார்கிராஃப்ட்டில் 2018 முதல் பழைய விரிவாக்கங்கள் சந்தாவிலேயே அடக்கம், ஆகவே அங்கே பொறுத்தவருக்குச் செலவே இல்லை. லெவலைத் தாண்டவைக்கும் பூஸ்ட்டை மட்டும் எந்த விளையாட்டிலும் வாங்குவதில்லை. நேற்று விற்ற பயணத்தைத் தவிர்க்க இன்று இன்னொரு விலை கேட்பது என்ன நியாயம்?

சென்ற ஆண்டு என் சித்தி மகன் ஃபைனல் ஃபேன்டஸி 14 ஆடத் தொடங்கினான். "அண்ணா, புதிதாக வந்ததையே வாங்கிவிடட்டுமா? பழையதெல்லாம் அதோடு சேர்ந்தே வருகிறதாமே" என்று கேட்டான். அவன் சொன்னது பெரும்பாலும் சரிதான். ஆனால் அந்த விளையாட்டில் கதையை வரிசையாக முடித்தால்தான் அடுத்த விரிவாக்கத்தின் கதவு திறக்கும். புதிய கண்டத்தைப் பார்க்கவே அவனுக்குப் பல நூறு மணி நேரம் ஆகும். இலவசச் சோதனைக் கணக்கிலோ முதல் இரண்டு விரிவாக்கங்கள் (இரண்டாவது ஸ்டார்ம்பிளட்) முழுமையாக, லெவல் 70 வரை, நாள் வரம்பு இல்லாமல் கிடைக்கின்றன. சந்தையில் வாங்கி விற்க முடியாது, தானே குழு அமைக்க முடியாது என்பது போன்ற சில கட்டுப்பாடுகள் உண்டு. ஒருமுறை காசு கொடுத்து வாங்கிவிட்டால் அந்தக் கணக்கு இலவசத்துக்குத் திரும்பாது. "வாங்காதே. ஸ்டார்ம்பிளட் முடியட்டும், அப்போதும் ஆசை இருந்தால் சொல்" என்றேன்.

பதினோரு மாதம் ஆடினான். நடுவில் தேர்வுக்காக நிறுத்தினான். சந்தா இல்லாததால் அதைப் பற்றிக் கவலையும் இல்லை. போன வாரம் வாங்கிவிட்டதாகச் சொன்னான். நேற்று இரவு மூன்றாவது விரிவாக்கமான ஷேடோபிரிங்கர்ஸின் முதல் வரைபடத்திலிருந்து போன் செய்தான்.

"அண்ணா, ஒரு மணி நேரமாக நிற்கிறேன். இங்கே இரவே வரவில்லையே, ஏன்?"

காரணம் எனக்குத் தெரியும். சொல்லவில்லை.