பிரேக் ஆயில் டப்பாவில் எதை ஊற்றுகிறார்கள் என்று பக்கத்தில் நின்று பாருங்கள்

சர்வீஸ் முடிந்து வந்த காரில் பிரேக் பெடல் வழக்கத்தைவிட இறுக்கமாக, மேலேயே நின்றுகொண்டிருந்தால் தயவுசெய்து அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘டைட் பண்ணிக் கொடுத்திருக்கிறார்கள், நன்றாகப் பிடிக்கும்’ என்று தோன்றும். உண்மையில் பிரேக் ஜாம் ஆவதற்கு முன்னால் வரும் முதல் அறிகுறி அதுவாக இருக்கலாம். எங்கள் குடும்பத்துக்கு நேர்ந்ததை இங்கே எழுதுவது, இன்னொருவர் மலைப்பாதையில் அப்படி மாட்டக்கூடாது என்பதற்காகத்தான்.

எங்களுடையது 2014 மாடல் சின்ன கார். முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக், திடீர் பிரேக்கில் சக்கரம் உருளாமல் நின்றுவிடுவதைத் தடுக்கும் ஏபிஎஸ் கிடையாது. மழைக்காலத்துக்கு முன்பாகக் கோவையில் எல்லா கம்பெனி வண்டியும் பார்க்கும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஜெனரல் சர்வீஸ் விட்டோம். பில்லில் மற்றவற்றோடு ‘பிரேக் ஆயில் டாப் அப்’ என்று ஒரு வரி. எந்த ஆயில், எந்த கிரேடு என்று எதுவும் இல்லை.

அடுத்த சில வாரங்களில் வண்டி கனமாக ஓடத் தொடங்கியது. மைலேஜ் குறைந்தது. லேசான சரிவில் நியூட்ரலில் விட்டால் தானாக உருளும் வண்டி, அசையாமல் நின்றது. அப்புறம் ஒரு நாள் அம்மாவையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு ஆழியாறு தாண்டி வால்பாறை ஏறினோம். மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவு உள்ள பாதை. வழியிலேயே ஆக்சிலேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நகர மறுத்தது. கருகிய வாடை வந்தது. ஓரங்கட்டிப் பார்த்தால் முன் சக்கரம் இரண்டிலும் புகை. பின்சக்கரங்களும் கிட்டே கை கொண்டுபோக முடியாத அளவுக்குச் சூடு.

ஒரு மணி நேரம் போல நின்றோம். சூடு ஆறியதும் பிரேக் தானாகவே விட்டுவிட்டது. அதற்குமேல் ஏறாமல், முதல் கியரில் மெதுவாக இறங்கித் திரும்பிவிட்டோம். சூடானால் பிடித்துக்கொள்கிறது, ஆறினால் விடுகிறது, அதுவும் நான்கு சக்கரத்திலும். கோளாறு எங்கே என்பதை இந்த மூன்று விவரமே சொல்லிவிடுகிறது. பிரேக் வேலை தெரிந்த எவரும் இதைக் கேட்டவுடனே பானெட்டைத் திறந்து, பெடலை மிதிக்கும்போது நான்கு சக்கரத்துக்கும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைத்தான் பார்ப்பார்.

அந்த ஒர்க்‌ஷாப்பில் பானெட்டையே திறக்கவில்லை. “நீங்க பிரேக் மேல கால் வெச்சுக்கிட்டே ஓட்டுறீங்க சார், அதான் இப்படி” என்றார் அங்கிருந்த அட்வைசர். முன் பேட், டிஸ்க், பேடை டிஸ்க்கில் அழுத்திப் பிடிக்கும் காலிப்பர் இரண்டு பக்கமும், எல்லாம் மாற்றியாக வேண்டும் என்று எஸ்டிமேட் போட்டார்கள். உயிர் பயம் இருந்ததால் சரி என்றேன். பழைய பாகங்களைக் கேட்டதற்கு “ஸ்கிராப்புல போயிடுச்சு” என்று பதில். 18,000 ரூபாய்க்கு மேல் பில். வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பும் வழியிலேயே அதே வாடை, அதே இழுப்பு.

கடைசியில் பொள்ளாச்சியில் அப்பா காலத்திலிருந்து தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் சக்கரத்தைக் கழற்றவில்லை. பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திருகி எடுத்தார். மூடிக்குள் இருக்கும் ரப்பர், ஊறவைத்த கொண்டைக்கடலை போல உப்பி, திரும்ப உள்ளே போகாத அளவுக்கு விரிந்திருந்தது. “தம்பி, இதுக்குள்ள பவர் ஸ்டீயரிங் ஆயில ஊத்தியிருக்காங்க. கலரப் பாருங்க” என்றார். உள்ளே இருந்தது செந்நிறமாக இருந்தது. வழக்கமாக பிரேக் ஆயில் இளம் மஞ்சளாக இருக்கும், பழசானால் பழுப்பாகும்.

பிறகு அவர் செய்த சோதனையை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். இஞ்சினை ஓடவிட்டு, பெடலைப் பலமுறை மிதித்து, சக்கரம் பிடித்துக்கொண்டதும் வண்டியை ஜாக்கியில் தூக்கினார். காலிப்பரில் ஏர் எடுக்கும் நிப்பிளைக் கொஞ்சம் தளர்த்தினார். ஆயில் பீய்ச்சி அடித்தது, சக்கரம் உடனே சுதந்திரமாகச் சுற்றியது. அப்படியென்றால் காலிப்பர் துருப்பிடித்து இறுகவில்லை, ஆயில் போகும் லைனுக்குள் பிரஷர் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். மறுபடி பிடிக்கவைத்து, இந்த முறை மேலே மாஸ்டர் சிலிண்டரில் லைன் சேரும் நட்டைத் தளர்த்தினார். அப்போதும் சக்கரம் விட்டது. பிரஷர் மேலேயே தடுக்கப்படுகிறது, மாஸ்டர் சிலிண்டர்தான் குற்றவாளி. இங்கே தளர்த்தியும் விடாமல், கீழே நிப்பிளில் மட்டும் விட்டிருந்தால் நடுவில் உள்ள ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். எங்கே தளர்த்தினாலும் விடாவிட்டால்தான் காலிப்பரையோ டிரம்மையோ கழற்றிப் பார்க்க வேண்டும். ஒரு ஸ்பேனரும் அரை மணி நேரமும் போதும். 18,000 ரூபாய் வாங்கியவர்கள் இதைச் செய்யவில்லை.

ரப்பர் ஏன் உப்பியது? பிரேக் ஆயில் கிளைகால் வகைத் திரவம். டாட் 3, டாட் 4, டாட் 5.1 என்ற கிரேடுகள் மூன்றும் அந்த வகைதான். பிரேக் அமைப்பில் இருக்கும் ரப்பர் சீல்கள் அந்தத் திரவத்தைத் தாங்குவதற்கென்றே செய்யப்பட்டவை. இஞ்சின் ஆயில், பவர் ஸ்டீயரிங் ஆயில் போன்ற பெட்ரோலிய எண்ணெய் கொஞ்சம் கலந்தாலும் அந்த ரப்பர் எண்ணெயைக் குடித்துப் பெருக்கும். மாஸ்டர் சிலிண்டரில் பெடலிலிருந்து காலை எடுத்ததும் ஆயில் டப்பாவுக்குத் திரும்பிப் போக ஊசித்துளை போன்ற ஒரு வழி உண்டு. உப்பிய ரப்பர் அந்தத் துளையை மூடிவிடும். ஆயில் திரும்ப முடியாது, பேட் டிஸ்க்கை விடாது, உரசி உரசிச் சூடேறும். சூட்டில் ஆயில் விரியும், பிரஷர் இன்னும் கூடும், பிடி இன்னும் இறுகும். ஓட்டுபவர் பிரேக்கைத் தொடவே வேண்டாம், வண்டி தானே தன்னைப் பிடித்து நிறுத்திவிடும்.

இதைவிடப் பயங்கரமான இன்னொன்றும் உண்டு. அந்தச் சூட்டில் காலிப்பருக்குள் இருக்கும் ஆயில் கொதிக்கத் தொடங்கினால் குமிழிகள் உருவாகும். அப்போது பெடல் தரை வரை போகும், பிரேக் பிடிக்காது. புது டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், டாட் 4-க்கு 230. ஈரத்தை உறிஞ்சிய ஆயிலுக்கு அந்தக் கணக்கே 140, 155 என்று இறங்கிவிடும். ஏறும்போது ஜாம் ஆன அதே வண்டி, இறங்கும்போது பிரேக்கே இல்லாமல் ஓடியிருக்கலாம். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்குகிறது.

பொள்ளாச்சி அண்ணன் மாஸ்டர் சிலிண்டர், எல்லா ஹோஸ், காலிப்பர் சீல், பின்சக்கர வீல் சிலிண்டர், டப்பா மூடி எல்லாவற்றையும் மாற்றி, லைன் முழுவதையும் கழுவிப் புது ஆயில் ஏற்றினார். தப்பான ஆயில் பட்ட ரப்பர் ஒன்றைக்கூட விட்டுவைக்கக் கூடாது. வெறும் ஆயிலை மட்டும் மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், உப்பிய ரப்பர் பழைய நிலைக்கு வராது. ஏபிஎஸ் உள்ள வண்டி என்றால் அந்த யூனிட்டுக்குள்ளும் எண்ணெய் போய்ச் செலவு பல மடங்காகும்.

காலிப்பரைக் கழற்றியபோதுதான் அடுத்த மோசடி தெரிந்தது. ஸ்குரூ டிரைவரால் சுரண்டினார். வெள்ளிப் பெயின்ட்டுக்குக் கீழே பழைய துரு. பிஸ்டனைச் சுற்றிய தூசி ரப்பர் வெடித்துப் பழசாகவே இருந்தது. புது காலிப்பர் என்று பணம் வாங்கிக்கொண்டு, எங்கள் காலிப்பருக்கே பெயின்ட் அடித்து மாட்டியிருக்கிறார்கள். பிரேக்கில் இப்படிச் செய்பவர்களுக்கு மனசாட்சி இருக்கிறதா என்று கேட்கத்தான் தோன்றுகிறது. எல்லாவற்றையும் போட்டோ, வீடியோ எடுத்து வைத்துக்கொண்டேன்.

பிரேக் ஜாம் ஆக வேறு காரணங்களும் உண்டு. ஒரு சக்கரம் மட்டும் சூடானால் பெரும்பாலும் அந்தச் சக்கரத்திலேயே கோளாறு இருக்கும்: காலிப்பர் நகர்வதற்காக உள்ள கம்பி (பின்) கிரீஸ் காய்ந்து இறுகியிருக்கும், அல்லது பிஸ்டன் துருப்பிடித்திருக்கும். பேட் மாற்றும்போதெல்லாம் அந்தப் பின்களைச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கோன் கிரீஸைத்தான் தடவ வேண்டும். சாதாரண கிரீஸ் அங்கே உள்ள ரப்பரையும் கெடுக்கும். மழையில் ஓட்டிவிட்டோ வாட்டர் சர்வீஸ் விட்டுவிட்டோ ஹேண்ட்பிரேக் போட்டுப் பல நாள் நிறுத்தினால் பின்சக்கர ஷூ டிரம்மோடு துருவில் ஒட்டிக்கொள்ளும். சமதரையில் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து நிறுத்தினால் போதும்.

திடீரென்று அழுத்தும்போது டயர் உருளாமல் வழுக்குவது வேறு விஷயம். டயருக்குச் சாலையில் கிடைக்கும் பிடியைவிட பிரேக்கின் பிடி அதிகமாகும்போது அது நடக்கும், நனைந்த சாலையிலும் தேய்ந்த டயரிலும் சீக்கிரமாக நடக்கும். முன்சக்கரம் உருளாவிட்டால் ஸ்டீயரிங் திருப்பியும் வண்டி நேராகத்தான் போகும். ஏபிஎஸ் இல்லாத வண்டியில் பெடலைச் சற்று விட்டு, சக்கரம் உருண்டதும் மறுபடி அழுத்த வேண்டும். ஏபிஎஸ் உள்ள வண்டியில் பெடல் அதிர்ந்தாலும் காலை எடுக்காமல் அழுத்தமாகவே பிடிக்க வேண்டும்.

ஓடும்போது வண்டி இழுத்தாலோ கருகிய வாடை வந்தாலோ உடனே ஓரமாக நிறுத்துங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், விரிசல் விடலாம். ஹேண்ட்பிரேக்கும் போட வேண்டாம், கியரில் போட்டுக் கல் வையுங்கள். எந்தச் சக்கரம் சூடு என்று தொடாமல், புறங்கையைக் கிட்டே கொண்டுபோய் மட்டும் பாருங்கள். ஆறியதும் விட்டுவிட்டது என்பதற்காகப் பயணத்தைத் தொடராதீர்கள், மலையில் இருந்தால் டோ வண்டி கூப்பிடுவதே நல்லது.

சர்வீஸில் டாப் அப் என்ற பேச்சு வந்தாலே காரணம் கேளுங்கள். பேட் தேயத் தேய டப்பாவில் ஆயில் மட்டம் தானாக இறங்கும். அப்போது பார்க்க வேண்டியது பேடை, அல்லது எங்காவது கசிகிறதா என்பதை. ஊற்றித்தான் ஆக வேண்டுமென்றால் மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 என்று எழுதியிருப்பதைப் பார்த்து, அதே கிரேடில் சீல் உடைக்காத புது பாட்டிலை உங்கள் கண்முன்னே திறக்கச் சொல்லுங்கள். புனலும் சுத்தமாக இருக்க வேண்டும், இஞ்சின் ஆயில் ஊற்றிய புனல் ஆகாது. பெரும்பாலான வண்டிகளுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை முழுவதும் மாற்ற வேண்டும். பாகம் மாற்றுவதானால், பழசைக் கையில் தருவதாக ஜாப் கார்டிலேயே எழுதி வாங்குங்கள்.

நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்தேன். அதற்குப் பிறகு காலிப்பருக்கான பணத்தை மட்டும் திருப்பித் தந்தார்கள். ஆயில் தங்கள் கடையில் ஊற்றியது இல்லை என்று சாதிக்கிறார்கள், ஆனால் டாப் அப் செய்ததாக அவர்களுடைய பில்லே சொல்கிறது. அதனால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். 2019 சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும், நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை.

எங்கள் வண்டிக்கு ஊற்றிய அதே கேனிலிருந்து இன்னும் எத்தனை வண்டிக்கு ஊற்றியிருப்பார்களோ தெரியவில்லை. சமீபத்தில் வெளியே எங்காவது சர்வீஸ் விட்டவர்கள், இஞ்சின் ஆறியிருக்கும்போது டப்பாவைச் சுற்றித் துடைத்துவிட்டு மூடியைத் திறந்து, ரப்பரையும் ஆயிலின் நிறத்தையும் ஒருமுறை பாருங்கள். ரப்பர் உப்பியிருந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம், மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழையுங்கள்.