2012-ல் வாங்கிய இன்வெர்ட்டர்: ஏறுவது 15, இறங்குவது 24

2012 அக்டோபரில் உடுமலையில் வாங்கிய இன்வெர்ட்டர் இன்றும் எங்கள் மாடிப்படிக்குக் கீழே ஓடுகிறது. 850 விஏ (எவ்வளவு சுமை தாங்கும் என்ற அளவு) பெட்டி, 150 ஏஎச் (ஆம்பியர்-மணி, பேட்டரி எவ்வளவு மின்சாரம் தேக்கும் என்ற அளவு) டியூபுலர் பேட்டரி, அதாவது குழாய் வடிவத் தகடுகள் கொண்டது. பேட்டரியை இரண்டு முறை மாற்றியாயிற்று, பெட்டி அதேதான். இத்தனை வருடத்தில் ஒரே ஒரு ஃபியூஸ் போனது. தாராளமாக நல்ல பொருள் என்று சொல்வேன்.

ஆனால் வாங்கிய புதிதில் அதைத் திட்டித் தீர்த்தேன். அப்போது வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன். ஒரு மணி நேரம் கரண்ட் இருக்கும், அடுத்த மணி நேரம் இருக்காது. சென்னைக்கு இரண்டு மணி நேரம்தான் வெட்டு. எங்களுக்குப் பாதி நாளுக்கு மேல். இரண்டு ஃபேன், இரண்டு டியூப்லைட் போட்டால் ஐந்து மணி நேரம் நிற்கும் என்றார் கடைக்காரர். முதல் நாள் நின்றது. ஒரு வாரத்தில் முக்கோணவியல் நடுவே கீங் கீங் என்று கத்தி அணைந்தது. பிள்ளைகள் இருட்டில் பென்சிலைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

மெக்கானிக் வந்து பேட்டரி அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்த்தார். "பேட்டரி நல்லாத்தானுங்க டீச்சர் இருக்குது. ஏறுறதுக்குத்தான் கரண்ட் இல்லீங்க."

அவர் போனதும் கணக்குப் போட்டேன். கரண்ட் இருக்கும் ஒரு மணி நேரத்தில் ஏறுவது சுமார் 15 ஏஎச். இல்லாத ஒரு மணி நேரத்தில் இறங்குவது 24. எந்தக் கம்பெனிப் பெட்டியாக இருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

அந்த வருடம் எல்லோரும் ஈபிக்காரர்களைத்தான் திட்டினோம். மாநிலத்தின் மேல் தவறு இல்லாமல் இல்லை. புது அனல்மின் நிலையங்கள் தாமதமாகிக்கொண்டே இருந்தன. ஆனால் மாநிலங்களைத் தாண்டி வரும் பெரிய மின்பாதை மத்திய அரசின் பவர்கிரிட் பொறுப்பு. டெல்லி வேண்டாமென்று விட்ட மின்சாரத்தைக் கேட்டுத் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் வரை போனது. கொண்டுவர வழித்தடம் இல்லை என்றது மத்திய அரசு. வழித்தடம் போட வேண்டியவர்களே அப்படிச் சொன்னது எனக்கு இன்றும் ஆறவில்லை.

வடக்கையும் தெற்கையும் ஒரே தொகுப்பாக இணைத்த ராய்ச்சூர்-சோலாப்பூர் 765 கேவி பாதை 2013 டிசம்பர் 31-ல்தான் வந்தது. அதுவரை சில நேர்மின் (டிசி) இணைப்புகள் வழியாக வந்தது மட்டுமே. (2012 ஜூலை 30, 31-ல் வட இந்தியா இருண்டபோது தெற்கு தப்பியதற்கும் இந்தப் பிரிவே காரணம். அதையும் சொல்ல வேண்டும்.) கூடங்குளத்தின் முதல் 1,000 மெகாவாட் உலை வணிக ரீதியாக உற்பத்திக்கு வந்தது 2014 டிசம்பர் 31-ல். எங்கள் பிள்ளைகள் அதற்குள் பிளஸ் டூவுக்கே வந்துவிட்டார்கள்.

சரி, இப்போது வாங்குபவர்களுக்கு. நாளுக்கு ஓரிரு மணி நேர வெட்டுதான் என்றால் 150 ஏஎச் தேவையே இல்லை, 100 போதும். டியூபுலராகவே வாங்குங்கள். ஏறும் வேகத்தைக் கேட்டு வாங்குங்கள். கடையில் யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். டெர்மினலில் வெள்ளையாகப் பூத்தால் வெந்நீர் விட்டுத் துடைத்து வாஸ்லின் தடவுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேட்டரியின் நீர்மட்டத்தைக் காட்டும் மிதவையைப் பாருங்கள். போன வாரம் நான் பார்த்தபோது சிவப்புக்குக் கீழே இறங்கியிருந்தது. ஒரு லிட்டர் டிஸ்டில்ட் வாட்டர் பிடித்தது.