மலைநாட்டுப் பாதையில் பின் டிஃப் லொக்: எப்போது போடுவது, எங்கே எடுப்பது

டிஃப் லொக் (பின் அச்சின் இரண்டு சில்லுகளையும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டும் அமைப்பு) உள்ள கெப் (பிக்கப் வண்டி) என்றால் எங்கள் பக்கத்தில் முதலில் வரும் கேள்வி, சேற்றில் ஏறுமா என்பதுதான். ஏறும். ஆனால் லொக் போடும் பொத்தானை அமுக்கும் முறையை ஒரு பகலில் பழகிவிடலாம். எந்த இடத்தில் லொக்கை எடுத்துவிட வேண்டும் என்பது பிடிபட ஒரு முழு மழைக்காலம் வேண்டும். சமவெளியில் வண்டி வழுக்கினால் புதையும், இழுத்து எடுத்துவிடலாம். நுவரெலியா மாவட்டத்தின் கந்தப்பளை, இராகலை, உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டப் பாதைகளில் ஒரு புறம் மண்மேடு, மறுபுறம் தேயிலைச் சரிவு. இங்கே வழுக்குகிற வண்டி எந்தத் திசையில் வழுக்குகிறது என்பதுதான் முக்கியம். டிஃப் லொக் அந்தத் திசையை மாற்றிவிடக்கூடியது.

வண்டி 2016ஆம் ஆண்டு மிட்சுபிஷி எல்200, மெனுவல் கியர். பாவித்த வண்டியாகத்தான் வாங்கினேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்படும் வரை பழைய கெப்களின் விலை எங்கே போய் நின்றது என்பதை இலங்கையில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஆகவே உடைத்துப் பார்த்துப் படிக்கும் வசதி எனக்கு இருக்கவில்லை. வேலை, மரக்கறி ஏற்றுவது: கரட், லீக்ஸ், கோவா. தோட்டங்களில் பெரும்பாலானவை வீதிக்குக் கீழே பள்ளத்தாக்கில் இருப்பதால் வெறும் வண்டி இறங்கும், பாரத்தோடு ஏறும்.

இந்த வண்டியில் குழம்பக்கூடிய விஷயம் ஒன்று உண்டு. லொக் ஒன்றல்ல, இரண்டு. கியருக்குப் பக்கத்தில் உள்ள வட்டத் திருகில் 2எச், 4எச், 4எச்எல்சி, 4எல்எல்சி என்று நான்கு நிலைகள். 2எச்சில் பின் சில்லுகளுக்கு மட்டும், 4எச் நிலையில் நான்கு சில்லுகளுக்கும் விசை போகும். முன்னுக்கு 40 வீதம், பின்னுக்கு 60 வீதம். நடுவில் ஒரு டிஃபரன்ஷல் (இரண்டு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பற்சக்கரப் பெட்டி) இருப்பதால் தார் வீதியிலும் ஓட்டலாம். றம்பொடைப் பக்கம் பனியும் தூறலும் சேர்ந்து வீதி பளபளக்கும்போது நான் 4எச்சில்தான் வருகிறேன். 4எச்எல்சியில் அந்த நடு டிஃபரன்ஷல் பூட்டப்படும். முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுற்றும். 4எல்எல்சி என்பது அதே பூட்டோடு, வேகம் குறைந்து இழுவை கூடிய நிலை. அதற்குப் பிறகும் பின் அச்சின் இடது சில்லும் வலது சில்லும் தனித்தனிதான். அவற்றைச் சேர்த்துக் கட்டும் பின் லொக்குக்குத் தனிப் பொத்தான்; இனி லொக் என்றால் இதுதான். 4எச்எல்சியிலோ 4எல்எல்சியிலோ இருந்தால்தான் அது வேலை செய்யும். 4எச்சில் வைத்துப் பொத்தானை அமுக்கிவிட்டு "லொக் பழுது" என்று கராஜுக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். பகுதிநேர நான்கு சில்லு இயக்கம் உள்ள மற்ற கெப்களில் நடு டிஃபரன்ஷலே கிடையாது. அவற்றை 4எச்சில் போட்டுக் காய்ந்த தாரில் வளைத்தால் அச்சுகள் ஒன்றையொன்று முறுக்கும்.

சாதாரண டிஃபரன்ஷல் இரண்டு சில்லுக்கும் சமமான திருப்புவிசையைத்தான் கொடுக்கும். ஒரு சில்லு பள்ளத்தில் தொங்கினால் அதைச் சுற்ற எவ்வளவு சிறிய விசை போதுமோ, தரையில் நிற்கும் சில்லுக்கும் அவ்வளவே கிடைக்கும். அதனால்தான் ஒரு சில்லு காற்றில் சுழன்றுகொண்டிருக்க, மற்றது கல்லில் உட்கார்ந்தபடி சும்மா இருக்கும். லொக் போட்டால் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும். பிடிப்புள்ள சில்லு வண்டியைத் தள்ளும். ஆனால் வளைவில் இதே குணம் எதிரியாகிறது. இரண்டு பின் சில்லுகளுக்கும் இடையே ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முழுக் கொண்டை ஊசி வளைவைச் சுற்றி முடிக்கும்போது வெளிச் சில்லு உள் சில்லைவிட ஏறக்குறைய 4.7 மீற்றர் அதிகம் ஓட வேண்டும். வளைவு அகலமானாலும் ஒடுங்கியதானாலும் கணக்கு இதுதான். லொக் போட்ட வண்டியில் அந்த 4.7 மீற்றருக்கு இடமில்லை. ஈர மண்ணில் டயர் தேய்த்துச் சமாளிக்கும். கொங்கிரீட்டில் அந்த முறுக்கு முழுவதும் பின் அச்சுத் தண்டுக்குள் போகும். முன்பக்கம் திரும்ப மறுத்து நேரே போகப் பார்க்கும். நேரே என்பது எங்கள் வளைவுகளில் எங்கே முடியும் என்பது உங்களுக்கே தெரியும்.

தோட்டப் பாதைகளில் செங்குத்தான துண்டுகளுக்கு மட்டும் கொங்கிரீட் போட்டிருப்பார்கள். நூறு அடி மண், ஐம்பது அடி கொங்கிரீட், மறுபடி மண். ஏற்றத்தின் வளைவில் கொங்கிரீட் இருப்பதும் வழக்கம். நான் கொங்கிரீட்டின் விளிம்பு தெரிந்ததுமே லொக்கை எடுத்துவிடுகிறேன். பக்கத்துத் தோட்டத்துக்கு உரம் கொண்டுபோன ஒரு கெப், லொக் போட்டபடியே அப்படியொரு கொங்கிரீட் வளைவில் பாரத்தோடு ஏறியது. பாதி வளைவில் ஒரு சத்தம். பின் அச்சுத் தண்டு போய்விட்டது. கொழும்பின் பஞ்சிகாவத்தையில் தேடி ஒரு பழைய தண்டு வந்து சேரும் வரை வண்டி தேயிலைக்கு நடுவே நின்றது. உர மூட்டைகளைத் தலையில் சுமந்துதான் இறக்கினார்கள்.

போடும் முறைக்கு வருவோம். சில்லு சுழலத் தொடங்கிய பிறகு பொத்தானைத் தேடக் கூடாது. உள்ளே இருப்பது பல்லோடு பல் கோத்துக்கொள்ளும் ஒரு வளையம். இரண்டு சில்லும் வெவ்வேறு வேகத்தில் சுற்றும்போது அதைத் தள்ளினால் பற்கள் மோதும். சில்லு திடீரென்று பிடிபட்டால் உடைவதும் உண்டு. மோசமான இடம் கண்ணுக்குத் தெரியும்போதே, அதற்கு முன்னால் வண்டியை நிறுத்துகிறேன். கிளட்சை மிதித்து நியூட்ரலில் வைத்து 4எல்எல்சி, பிறகு பொத்தான். விளக்கு மின்னிக்கொண்டிருந்தால் பற்கள் இன்னும் கோக்கவில்லை என்று பொருள். நடந்து போகிற வேகத்தில் ஓரிரு மீற்றர் உருட்டி, ஸ்டியரிங்கை இலேசாக இடமும் வலமும் அசைத்தால் விளக்கு நிலைத்து எரியும். அதற்குப் பிறகுதான் ஏற்றம். முதல் கியரில், வேகத்தைக் கூட்டாமல் குறைக்காமல், ஒரே சீராக. எடுக்கும்போதும் இதே பொறுமை வேண்டும். பொத்தானை அமுக்கியதும் எடுபட்டுவிட்டது என்று நம்பக் கூடாது. தண்டுகளில் முறுக்கு மிச்சமிருந்தால் பற்கள் விடாது. கொஞ்சம் பின்னுக்கு உருட்டினால் விட்டுவிடும். விளக்கு அணைந்ததைப் பார்த்துவிட்டுத்தான் வளைவுக்குள் நுழைகிறேன்.

"தம்பி, அந்தப் பொத்தானை அமுக்கிவிட்டு ஏறுங்களேன்" என்று பின்னால் நின்று சொல்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். பெரும்பாலும் அவர்கள் அதைச் சொல்லும் இடம், பாதை பள்ளத்தின் பக்கம் சாய்ந்திருக்கும் இடம். அங்கேதான் நான் அமுக்குவதில்லை. காரணம் இது: லொக் இல்லாதபோது ஒரு பின் சில்லு சுழன்றாலும் மற்றது பெரும்பாலும் சுழலாமல் நிற்கும். சுழலாத சில்லுக்குப் பக்கவாட்டில் வழுக்காமல் பிடிக்கும் சக்தி மிச்சமிருக்கும். வண்டியின் பின்பாகத்தைப் பாதையில் நிறுத்தி வைப்பது அதுதான். லொக் போட்டால் இரண்டும் சேர்ந்தே சுழலும். இரண்டு டயரும் ஒரே நேரத்தில் பிடியை விட, பின்பாகம் சாய்வின் வழியே பள்ளத்துக்கு இறங்கும். முன்னேற உதவிய அதே கருவி ஓரத்துக்கு இழுத்துச் செல்கிறது. சாய்ந்த களிமண் பாதையில் நான் வண்டியை நிறுத்தி, மம்மட்டியால் மேல்பக்கத்து மண்ணை வெட்டி, கீழ்ப்பக்கத் தடத்தில் கல் போட்டு, லொக் இல்லாமல் 4எல்எல்சியில் ஏறுகிறேன். நேரம் போகும். கோவா ஒன்றும் ஓடிவிடாது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து மலைகள் சரிந்த பிறகு இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகிவிட்டது. சரிந்த இடங்களில் புதிதாக வெட்டியும் நிரப்பியும் பாதை விட்டிருக்கிறார்கள். நிரப்பிய மண்ணின் ஓரம் வண்டியின் பாரத்தைத் தாங்குமா என்பதை எந்த லொக்கும் மாற்றாது. அங்கே இறங்கி நடந்து பார்ப்பதைவிட நல்ல உபகரணம் இல்லை.

நான் எதிர்பார்க்காத ஒரு விஷயம்: லொக் அதிகம் தேவைப்படுவது வெறும் வண்டிக்குத்தான். பாரம் தாங்கக் கட்டிய பின் வில்கள் வெறுமையில் வளைந்து கொடுக்காது. குறுக்குப் பள்ளத்தில் ஒரு பின் சில்லு எளிதாகத் தொங்கிவிடும். பாரம் ஏற்றியதும் வில் அமுங்கி இரண்டு சில்லும் தரையைத் தொடும், பிடிப்பும் கூடும். அதே நேரத்தில் அச்சுத் தண்டுக்கு விழும் அடியும் கூடும். ஆகவே பாரத்தோடு ஏறும்போது லொக் போட்டால் வேகத்தை இன்னும் குறைக்க வேண்டும். கிளட்சைச் சட்டென்று விடவே கூடாது.

இறக்கத்தில் நான் லொக்கை நம்புவதில்லை. 4எல்எல்சி முதல் கியர், கிளட்சில் கால் வைக்காமல், எஞ்சின் பிடிக்கிற பிடியில் இறங்குவது போதும். பெரும்பாலான வண்டிகளில் பின் லொக் போட்டதும் ஏபிஎஸ், வழுக்கல் கட்டுப்பாடு போன்றவை ஒதுங்கிக்கொள்ளும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பிரேக்கைக் கொண்டு வழுக்கும் சில்லைப் பிடிக்கும் மின்னணு முறை இருக்கும்போது லொக் எதற்கு என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கல்லுப் பாதையில் அந்த முறையே பெரும்பாலும் போதும். ஆனால் அது வேலை தொடங்க முதலில் சில்லு சுழல வேண்டும். வடகிழக்குப் பருவப்பெயர்ச்சி மழை பிடித்த உடப்புசல்லாவைக் களிமண்ணில் ஒரு சுழற்சியே மேற்பரப்பைச் சவர்க்காரம் போல ஆக்கிவிடும்; அடுத்த முயற்சி முந்தியதைவிட மோசம். சுழல்வதற்கு முன்பே கட்டிவிடுகிறது என்பதுதான் லொக்கின் உண்மையான பலன். ஹற்றன், மஸ்கெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கு மழை. எங்கள் பக்கம் டிசம்பர் முதல் பெப்ரவரி வரை. இரண்டு பக்கமும் ஓடுகிற எனக்குக் காய்ந்த காலம் என்று நிம்மதியாகச் சொல்ல அதிகமில்லை.

டயரைப் பற்றிச் சொல்லாமல் லொக்கைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. தேய்ந்த வீதி டயரோடு லொக் போட்டால் ஒரு சில்லுக்குப் பதிலாக இரண்டு சில்லு வழுக்கும், அவ்வளவுதான். நான் சேற்றில் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்குகிறேன். கல் கூடுதலான பாதையில் பக்கச்சுவர் வெட்டுப்படும் என்பதால் அவ்வளவு இறக்குவதில்லை. சிகரட் லைட்டர் துளையில் செருகும் சிறிய காற்றுப் பம்பு ஒன்று இருக்கையின் கீழ் கிடக்கிறது. தாருக்கு ஏறுமுன் மீண்டும் அடித்துவிட வேண்டும். காற்றை இறக்கியே முன்பு லொக் கேட்ட பல இடங்களில் லொக் இல்லாமல் ஏறுகிறேன்.

பராமரிப்பு அதிகமில்லை. மாதத்துக்கு ஒரு முறையாவது ஈர மண்ணில், நேர்ப் பாதையில் லொக்கைப் போட்டு எடுக்கிறேன். பாவிக்காமல் விட்டால் தள்ளும் பொறி இறுகிவிடும். அதற்குப் போகும் வயரின் இணைப்பில் சேறு தங்கி விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும், சுத்தப்படுத்தினால் சரியாகிவிடும். (மழையில் கெப்பின் அடியில் படுத்தால் சாவியை எடுப்பதற்கு முன் அட்டை ஏறிவிடும். கையில் கொஞ்சம் உப்பு இருக்கட்டும்.) ஓயா (சிற்றாறு) கடந்து வந்தால் டிஃபரன்ஷல் எண்ணெயைப் பார்க்க வேண்டும். சூடான பெட்டி குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்றுச் சுருங்கித் தண்ணீரை உறிஞ்சும். எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டால் உடனே மாற்ற வேண்டும். அந்தப் பெட்டியின் மூச்சுக் குழாயை உயரமாகக் கட்டிவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

பாவித்த கெப் வாங்குகிறவர்கள் லொக் வேலை செய்கிறதா என்று விற்பவரின் வார்த்தையை நம்ப வேண்டியதில்லை. விளக்கு எரிவது மட்டும் சாட்சியல்ல. சமதரையில் முன் சில்லுகள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கைப்பிரேக் பின் சில்லைத்தான் பிடிக்கும், அதை விடுவித்தாக வேண்டும் என்பதால் கட்டை மிக முக்கியம். பின் அச்சை உயர்த்தி ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஜக்கை மட்டும் நம்பி அல்ல. கியர் நியூட்ரலில், எஞ்சின் ஓடாமல், திருகு 4எச்எல்சியில். லொக் இல்லாதபோது ஒரு பின் சில்லைக் கையால் சுற்றினால் மற்றது எதிர்த்திசையில் சுற்றும். பிறகு பொத்தானை அமுக்கி, விளக்கு நிலைக்கும் வரை சில்லை மெதுவாக அசையுங்கள். இப்போது சிறிய ஆட்டத்தைத் தவிர எந்தச் சில்லும் சுற்றக் கூடாது. சுற்றினால் லொக் விழவில்லை; விலையை அதற்கேற்பப் பேசுங்கள்.