செந்தூலா, பங்சாரா? பழைய பட்டறைப் பக்கம் ஒரு நாள்

ஒரு முழு நாள் கையில் இருக்கிறது, கோலாலம்பூரில் பழைய தொழிற்கூடங்கள் புது உயிர் பெற்ற இடமாகப் பார்க்க வேண்டும் என்று யாராவது கேட்டால், நான் செந்தூல் என்றுதான் சொல்வேன். அரை நாள்தான் என்றால் பங்சார், ஜாலான் ரியோங்கில் இருக்கும் ஏ.பி.டபிள்யூ. இரண்டுமே எனக்குப் பிடித்தவை. ஆனாலும் காலையில் கிளம்பி இரவு வீடு திரும்பும் கணக்கில் செந்தூல் ஒரு படி இல்லை, பல படி மேலே.

ஏ.பி.டபிள்யூவை முதலில் பார்த்துவிடுவோம். ஆர்ட் பிரிண்டிங் வொர்க்ஸ் என்ற அச்சகம் 1952-இல் தொடங்கியது. அதே ஜாலான் ரியோங்கில்தான் நியூ ஸ்ட்ரெயிட்ஸ் டைம்ஸ் நாளிதழின் தலைமையகமான பாலாய் பெரித்தாவும் இருந்தது; காகிதமும் மையும் மணத்த தெரு அது. அச்சுத் தொழில் சுருங்கத் தொடங்கியதும் அச்சகத்தார் கட்டடத்தை இடித்து அடுக்குமாடி கொண்டோ கட்டவில்லை. அச்சு வேலை ஒரு பக்கம் நடக்க, மற்ற கூடங்களைச் சாப்பாட்டுக் கடைகளுக்கும் நிகழ்ச்சிகளுக்கும் திறந்துவிட்டார்கள். காகிதம் வெட்டிய கூடம் கோப்பிக்கடை ஆனது. இந்த முடிவுக்காகவே அவர்களை எனக்குப் பிடிக்கும்.

போய்வரவும் சுலபம். கேஎல் சென்ட்ரலிலிருந்து கிளானா ஜெயா எல்ஆர்டி நகர ரயிலில் அடுத்த நிலையமே பங்சார், அங்கிருந்து நடந்துவிடலாம். எல்லாம் ஒரே வளாகத்துக்குள் இருப்பதால் வயதானவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் சிரமமில்லை. மத்தியான மழை பிடித்துக்கொண்டாலும் ஓடி ஒதுங்கக் கூரை உண்டு. பசியாறிவிட்டு, ஒரு கோப்பி குடித்து, நான்கு படம் எடுத்து முடித்தால் இரண்டு மூன்று மணி நேரம் போயிருக்கும். அப்புறம்? அங்கேதான் எனக்கு ஒரு குறை. பங்சார் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். பால் வெட்டிய நம் ஆட்களின் தடம் எதையும் அந்த வளாகத்தில் நின்று பார்க்க முடியாது. கேட்டைத் தாண்டினால் சாலையும் கார்களும்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு நிலையம் பின்னால் வந்து பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலையில் உட்கார்ந்துவிடுவதே புத்திசாலித்தனம்.

செந்தூலின் கதை வேறு. 1900-களின் தொடக்கத்தில் கூட்டரசு மலாய் மாநிலங்களின் ரயில்வே தன் மத்தியப் பணிமனையை இங்கே அமைத்தது. இன்ஜின் பழுது பார்த்தார்கள், பெட்டிகள் செய்தார்கள். ஆயிரக்கணக்கானோர் வேலை பார்த்த இடம். குமாஸ்தா, ஸ்டேஷன் மாஸ்டர் வேலைகளில் யாழ்ப்பாணத் தமிழர்கள், பட்டறையிலும் தண்டவாளத்திலும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று ரயில்வேயே ஒரு தமிழ் ஊரை உண்டாக்கியது. 1945-இல் ஜப்பானியர் கையில் இருந்தபோது நேச நாட்டு விமானங்கள் இதன்மேல் குண்டு போட்டன. போக்குவரத்துக்கு அது அவ்வளவு முக்கியமாக இருந்தது. பிற்பாடு மலேசிய ரயில்வேயான கேடிஎம் தன் பணிமனையை பேராக்கில் உள்ள பத்து காஜா ஊருக்குக் கொண்டுபோனது. மிஞ்சிய கூடங்கள் இப்போது செந்தூல் டிப்போ என்ற பெயரில் சந்தைக்கும் நிகழ்ச்சிகளுக்கும் பயன்படுகின்றன.

இங்கே கட்டாயம் பார்க்க வேண்டியது கேஎல்பேக் எனும் கலை அரங்கம். மெர்டேக்கா சதுக்கத்துக்கு அடியில் இருந்த தங்கள் நாடக அரங்கை 2003 வெள்ளத்தில் பறிகொடுத்த ஃபரிடா மெரிக்கானும் ஜோ ஹாஷமும், ஒய்டிஎல் நிறுவனத்தோடு சேர்ந்து 2005-இல் இதைத் திறந்தார்கள். ரயில்வே காலத்துச் செங்கல் கட்டடம் அது. பக்கவாட்டில் போய் நின்று பாருங்கள்: பழைய சுவரைப் பூசி மெழுகாமல் செங்கல்லாகவே விட்டு, அதை ஒட்டி இரும்புச் சட்டமும் கண்ணாடியுமாகப் புதுப் பகுதியை எழுப்பியிருக்கிறார்கள். பழையது எங்கே முடிகிறது, புதியது எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்டலாம். எதையும் பழசு மாதிரி வேஷம் போட வைக்கவில்லை. சுற்றிலும் குளமும் பெரிய மரங்களுமாகப் பூங்கா. இதுவே ஒரு காலத்தில் கோல்ஃப் மைதானமாகவும் இருந்தது.

ஆனால் என் ஓட்டு செந்தூலுக்கு விழக் காரணம் தண்டவாளத்துக்கு மறுபக்கம் இருக்கிறது. ஆதி ஈஸ்வரன் ஆலயம், தமிழ்ப்பள்ளிகள், தமிழில் ஆராதனை நடக்கும் தேவாலயம், பூக்கடை, தோசைக்கடை எல்லாம் இன்றும் நடப்பில் உள்ளன. கொஞ்சம் தள்ளி ஜாலான் ஈப்போவில் செட்டியார்கள் கட்டிய தண்டாயுதபாணி கோயில். தைப்பூச வெள்ளி ரதம் பத்துமலைக்குப் போவதும் அந்தச் சாலை வழியாகத்தான். கடையில் பக்கத்து மேசைப் பெரியவரிடம் "ஐயா, ரயில்வே வொர்க்‌ஷாப்ல வேலை பார்த்தீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் இல்லாவிட்டால் அவர் அப்பாவோ மாமாவோ பார்த்திருக்க நல்ல வாய்ப்புண்டு. ஏ.பி.டபிள்யூவில் காசு கொடுத்தாலும் கிடைக்காதது இந்தப் பேச்சு.

குறைகளும் உண்டு. தண்டவாளம் ஊரை இரண்டாகப் பிளக்கிறது; பூங்காவிலிருந்து கடைத்தெருவுக்கு வெயிலில் சுற்றிக்கொண்டு நடப்பதற்குப் பதில் கிராப் வாடகைக் கார் எடுத்துவிடலாம். டிப்போவில் நிகழ்ச்சி இல்லாத நாளில் ஆளரவமே இருக்காது, அதனால் முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள். ரயில் நிலையங்களுக்குப் பஞ்சமில்லை: கேடிஎம் கொமுட்டரில் செந்தூல், எல்ஆர்டியில் செந்தூலும் செந்தூல் தீமூரும், 2023-இலிருந்து எம்ஆர்டி மெட்ரோவில் செந்தூல் பாராட். கோயிலும் தோசையும் முதலில் வேண்டுமென்றால் எல்ஆர்டி சரி. பூங்காப் பக்கம் என்றால் எம்ஆர்டி.

நானாக இருந்தால் காலையில் எல்ஆர்டியில் இறங்கி கோயில், பசியாறல், கடைத்தெரு என்று வெயில் ஏறும்வரை சுற்றுவேன். மத்தியானம் வாழையிலைச் சோறு. நான்கு மணிக்கு மேல் பூங்காவுக்குப் போய், இரவு கேஎல்பேக்கில் ஒரு நாடகம். சனி, ஞாயிறு நாடகத்துக்கு இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், டிக்கெட்டை முதலிலேயே எடுத்துவிடுங்கள். ஏ.பி.டபிள்யூவை இன்னொரு நாள் காலைப் பசியாறலுக்கு வைத்துக்கொள்ளலாம்.