எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை: கையில் வருவது என்ன, கால் இடறுவது எங்கே

எராஸ்மஸ் முண்டஸுக்குக் கல்லூரி இறுதியாண்டில் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். வயது வரம்பு இல்லை. படிப்பு முடிந்ததும் ஊர் திரும்பியே ஆகவேண்டும் என்று கையெழுத்து வாங்குவதில்லை. பிரிட்டனின் செவனிங் உதவித்தொகை 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்கிறது. முடித்தபின் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருக்கச் சொல்கிறது. அமெரிக்காவில் படிப்பதற்கான ஃபுல்பிரைட்-நேரு முதுகலை உதவித்தொகைக்கு மூன்று ஆண்டு வேலை பார்த்திருக்க வேண்டும். பட்டம் முடித்த கையோடு மேலே படிக்க நினைப்பவர் இவற்றுக்கெல்லாம் காத்திருக்கத் தேவையில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2004-இலிருந்து நடத்திவரும் எராஸ்மஸ் முண்டஸை முதலில் பார்க்கலாம். பணமும் படிப்பும் நன்றாக இருக்கின்றன. ஆனால் விதிகளைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் நல்ல மாணவர்கள் பலர் வாய்ப்பை இழக்கிறார்கள். இந்த மதிப்பீடு அதற்காகத்தான்.

முதலில் அமைப்பு. இது ஒரே இடத்தில் விண்ணப்பித்து வாங்கும் உதவித்தொகை அல்ல. குறைந்தது மூன்று நாடுகளைச் சேர்ந்த மூன்று பல்கலைக்கழகங்கள் கூட்டுச் சேர்ந்து ஒரு முதுகலைப் படிப்பை நடத்தும். அந்தக் கூட்டமைப்புக்குத்தான் ஒன்றியம் பணம் தருகிறது. மாணவரைத் தேர்ந்தெடுப்பதும் அந்தக் கூட்டமைப்பே. எனவே ஒவ்வொரு படிப்புக்கும் தனி இணையதளம், தனிக் கடைசி தேதி, தனி மதிப்பெண் முறை. ஐரோப்பிய ஆணையத்தின் பட்டியல் பக்கத்தில் எல்லாப் படிப்புகளும் இருக்கும். அதில் பெயர் இருப்பதாலேயே இந்த ஆண்டு உதவித்தொகை இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. கூட்டமைப்புக்கான நிதி சில ஆண்டுகளுக்குத்தான். அது தீர்ந்தபின் படிப்பு மட்டும் நடக்கும், கட்டணம் நம் தலையில். படிப்பின் சொந்தத் தளத்தில், நாம் சேரப்போகும் ஆண்டுக்கு உதவித்தொகை உண்டு என்று எழுதியிருக்கிறதா என்பதைப் பார்த்தபிறகே மற்ற வேலையில் இறங்க வேண்டும்.

படிப்பு 60, 90 அல்லது 120 கிரெடிட். அதாவது ஓராண்டு முதல் இரண்டு ஆண்டு வரை. குறைந்தது இரண்டு நாடுகளில் படித்தாக வேண்டும்.

பணம்: மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதம். இரண்டு ஆண்டுப் படிப்புக்கு மொத்தம் 33,600 யூரோ. படிப்புக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை, காப்பீட்டைக் கூட்டமைப்பே பார்த்துக்கொள்ளும். விமான டிக்கெட், விசா, வீட்டு முன்பணம் எல்லாம் அந்த 1,400-க்குள்தான். 2021-க்கு முன்பு மாதம் 1,000 யூரோவும், பயணத்துக்கும் குடியேறுவதற்கும் தனித் தொகையும் தந்தார்கள். பழைய வலைப்பதிவுகளைப் படித்துவிட்டு இன்னும் அதை எதிர்பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த முறை இப்போது இல்லை. 1,400 யூரோ போலந்திலோ போர்ச்சுகலின் சிறு நகரத்திலோ தாராளம். பாரிஸிலும் ஆம்ஸ்டர்டாமிலும் வாடகையே பாதிக்கு மேல் தின்றுவிடும். படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது எந்தப் பருவம் எந்த ஊரில் என்று பார்த்து, அந்த ஊர் மாணவர் விடுதி வாடகையையும் சேர்த்துக் கணக்குப் போடுவது நல்லது.

சொல்லியே ஆகவேண்டிய ஒன்று, முதல் மாதப் பணம். பெரும்பாலும் அது நாம் அங்கே போய், முகவரி பதிந்து, வங்கிக் கணக்கு தொடங்கிய பிறகுதான் வரும். அதற்குள் டிக்கெட், விசாக் கட்டணம், முன்பணம், முதல் மாத வாடகை எல்லாம் போயிருக்கும். யூரோ நூறு ரூபாய் என்று வைத்தால் கையில் மூன்று லட்சம் ரூபாயாவது வேண்டும். முழுச் செலவையும் அவர்களே ஏற்கிறார்கள் என்று நம்பி, ஜூலை மாதத்தில் இந்தத் தொகைக்கு வட்டிக்கு அலையும் குடும்பங்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. தேர்வான கடிதம் வந்த அன்றே இதற்கு வழி பார்க்கத் தொடங்க வேண்டும்.

இனி, இந்தியர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விதி. ஒரு கூட்டமைப்பு தரும் மொத்த உதவித்தொகைகளில் ஒரே நாட்டவருக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் தரக்கூடாது. ஆண்டுக்கு 20 இடம் என்று வையுங்கள். இந்தியருக்குச் சராசரியாக இரண்டு. கணக்கு அந்தத் திட்டக் காலம் முழுவதற்கும் சேர்த்து என்பதால், முந்தைய ஆண்டுகளில் நம்மவர் அதிகம் போயிருந்தால் இந்த ஆண்டு அதுவும் குறையலாம். ஆசியா போன்ற குறிப்பிட்ட பகுதிகளுக்கென ஒன்றியம் தனியாகத் தரும் கூடுதல் இடங்கள் இந்த வரம்பில் சேராது. ஆனால் அவை எல்லாப் படிப்புகளிலும் இல்லை.

அப்படியானால் உங்கள் போட்டி பிரேசில்காரரோடோ எத்தியோப்பியரோடோ அல்ல, சக இந்தியரோடுதான். செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல், ரோபோட்டிக்ஸ் படிப்புகளுக்கு ஐஐடி, என்ஐடி, அண்ணா பல்கலைக்கழகம் என்று எல்லா இடத்திலிருந்தும் விண்ணப்பம் குவியும். காடு, மீன்வளம், வெள்ள மேலாண்மை, பாரம்பரியச் சின்னப் பாதுகாப்பு போன்ற துறைகளுக்கு அந்த அளவு நெரிசல் இராது. அதற்காகச் சம்பந்தமில்லாத துறையில் போடச் சொல்லவில்லை. சிவில் படித்தவர் பொதுவான கட்டுமானப் படிப்பைவிட நீர் சார்ந்த படிப்பையும், வேதியியல் படித்தவர் நானோ பொருட்களைவிட உணவு அல்லது சுற்றுச்சூழல் சார்ந்த படிப்பையும் சேர்த்துப் பார்க்கலாம். இலங்கை மாணவர்களுக்கு இந்த வரம்பு அவ்வளவு இறுக்கமில்லை, அங்கிருந்து விண்ணப்பிப்பவர்கள் குறைவு என்பதால். யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் படிப்பவர்கள் தயங்காமல் போடலாம்.

எத்தனை படிப்புக்குப் போடலாம்? முன்பு ஆண்டுக்கு மூன்று என்ற வரம்பு இருந்தது, இப்போது இல்லை. அதற்காகப் பத்துக்குப் போடுவது வீண். நான்கு போதும். ஐந்தாவதற்குக் கடிதம் எழுதும்போது பெயரை மட்டும் மாற்றி ஒட்டத் தொடங்கிவிடுவோம், படிப்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

ஆவணங்களில் கூடுதல் நேரம் பிடிப்பது டிரான்ஸ்கிரிப்ட், அதாவது எல்லாப் பருவ மதிப்பெண்களையும் சேர்த்துப் பல்கலைக்கழகம் தரும் சான்று. பல்கலைக்கழகத்திலிருந்து அது வர வாரக்கணக்காகும், பருவத் தேர்வு நேரத்தில் இன்னும் இழுக்கும். விண்ணப்பங்கள் அக்டோபர் வாக்கில் திறந்து, டிசம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில் மூடும். ஆகஸ்டிலேயே டிரான்ஸ்கிரிப்டுக்கு எழுதிப் போட்டுவிட வேண்டும். இறுதியாண்டில் இருப்பவர் அதுவரையிலான மதிப்பெண் பட்டியலோடு, எந்த மாதம் பட்டம் முடியும் என்று குறிப்பிட்ட போனஃபைடு சான்றிதழைக் கல்லூரியில் வாங்கி வைக்க வேண்டும். அரியர் இருந்து பின்னர் தேறியிருந்தால் மறைக்க வேண்டாம், அதற்காக ஒரு பத்தி அழவும் வேண்டாம். காரணத்தை ஒரே வரியில் சொன்னால் போதும். வகுப்பில் எத்தனையாவது இடம் என்று துறைத் தலைவர் தரும் சான்று பெரிய உதவி. 8.1 சிஜிபிஏ நல்லதா சுமாரா என்று பெல்ஜியத்தின் லூவெனில் உட்கார்ந்திருக்கும் பேராசிரியருக்குத் தெரியாது. அறுபது பேரில் மூன்றாமிடம் என்றால் புரியும்.

ஆங்கிலத்துக்குப் பெரும்பாலும் ஐஇஎல்டிஎஸ் தேர்வில் 6.5. கட்டணம் பதினேழாயிரம் ரூபாயைத் தாண்டிவிட்டது, மதிப்பெண் இரண்டு ஆண்டுதான் செல்லும். ஆங்கில வழியில் படித்ததாகக் கல்லூரி தரும் கடிதத்தைச் சில படிப்புகள் ஏற்கும், சில ஏற்காது. பணம் கட்டுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். ஜிஆர்இ நுழைவுத் தேர்வைப் பெரும்பாலும் கேட்பதில்லை. இருப்பிடச் சான்று கேட்கும் படிப்புகள் இன்னும் சில உண்டு. தமிழ்நாட்டில் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வருவாய்த் துறைச் சான்றாக வாங்கலாம், இலங்கையில் கிராம அலுவலரிடம். பழைய சான்றை ஏற்காமல் போகலாம் என்பதால் புதிதாக எடுப்பதே பாதுகாப்பு.

நம் பக்கத்து விண்ணப்பங்கள் அதிகம் அடிவாங்குவது பரிந்துரைக் கடிதங்களில். மூன்று குறைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, ஆசிரியரின் மின்னஞ்சல். கல்லூரி முகவரி இல்லாமல் ஜிமெயில் கொடுத்தால் சில தளங்கள் ஏற்பதில்லை, ஏற்கும் தளங்களிலும் நம்பகம் குறையும். கல்லூரியில் சொல்லி அலுவல் முகவரியை உயிர்ப்பித்துத் தரும்படி ஆசிரியரிடம் செப்டம்பரிலேயே கேட்டுவிடலாம். இரண்டு, மாணவரே எழுதிக் கொடுத்து ஆசிரியர் கையெழுத்திடும் பழக்கம். ஒரே கல்லூரியிலிருந்து நான்கு பேர் போட்டால் நான்கு கடிதங்களிலும் அதே கடின உழைப்பாளி, அதே ஒழுக்கமானவர். மூன்று, பதவியைப் பார்த்துக் கேட்பது. உங்களை நேரில் அறியாத முதல்வரின் கடிதத்தைவிட, புராஜெக்டில் உங்களோடு உட்கார்ந்த உதவிப் பேராசிரியரின் கடிதம் பல மடங்கு மேல். அவரிடம் உங்கள் புராஜெக்டின் ஒரு பக்கச் சுருக்கத்தையும், படிப்பின் இணைய முகவரியையும், கடைசி தேதியையும் தாளில் எழுதிக் கொடுங்கள். நீங்கள் என்ன செய்தீர்கள், எந்த இடத்தில் சிக்கினீர்கள், எப்படி வெளியே வந்தீர்கள் என்று அவர் இரண்டு வரி எழுதினால் அந்தக் கடிதம் எடுபடும்.

இந்தப் படிப்பு ஏன் வேண்டும் என்று நாமே எழுதும் மோட்டிவேஷன் கடிதத்துக்கு வருவோம். ட்ரெஸ்டன், டெல்ஃப்ட், பார்சிலோனா, லூப்லியானா ஆகிய நான்கு ஊர்க் கல்வி நிறுவனங்களும் கூட்டாக நடத்திய வெள்ள அபாய மேலாண்மைப் படிப்பை எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து அதற்குப் போடுபவர் 2015 டிசம்பர் வெள்ளத்தில்தான் தொடங்குவார். அதில் தவறில்லை, ஆனால் சென்னையிலிருந்து போடும் எல்லோரும் அங்கேதான் தொடங்குவார்கள். தண்ணீர் வீட்டுக்குள் வந்தது என்பதோடு நின்றால் கடிதம் அங்கேயே முடிந்துவிட்டது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டபோது அடையாற்றின் கீழ்ப்பகுதிக்கு முன்னறிவிப்பு எப்படிப் போனது என்ற கேள்வியை எழுப்பி, அதற்கு எந்த மாதிரிக் கணக்கீடு தேவை, அது எந்தப் பருவத்தில் எந்த ஊரில் கற்பிக்கப்படுகிறது என்று இணைத்தால் கடிதம் நிற்கும். ஏன் இந்தத் துறை என்பதற்கு ஒரு பத்தி போதும். ஏன் இந்தக் கூட்டமைப்பு, ஏன் இந்த நாட்டு வரிசை, ஆய்வறிக்கையை எங்கே யாருடைய ஆய்வகத்தில் செய்ய விரும்புகிறீர்கள் என்பதற்கு இரண்டு பத்தி வேண்டும். எந்தப் பகுதிக்கு எத்தனை மதிப்பெண் என்பதைப் பல படிப்புகள் தங்கள் தளத்திலேயே போட்டிருக்கின்றன. அதைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

முடிவுகள் பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில். மூன்று வகையாக வரும்: உதவித்தொகையுடன் இடம், காத்திருப்புப் பட்டியல், உதவித்தொகை இல்லாமல் இடம். மூன்றாவதைப் படித்துவிட்டு வெற்றி என்று இனிப்பு கொடுத்தவர்கள் உண்டு. வாழ்த்துகள் என்ற சொல்லைப் பார்த்ததும் நிறுத்தாமல், உதவித்தொகை என்ற சொல் எங்கே வருகிறது என்று தேடுங்கள். காத்திருப்புப் பட்டியலில் இருந்தால் மனம் தளரத் தேவையில்லை. இரண்டு மூன்று படிப்புகளில் தேர்வானவர்கள் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விடுவார்கள். ஜூன் வரைகூட அழைப்பு வரும். ஆனால் அங்கும் அந்தப் 10 விழுக்காடு நிற்கிறது. வரிசையில் முன்னால் இருந்தாலும், விலகுபவர் இந்தியராக இருந்தால்தான் உங்களுக்கு வழி திறக்கும் நிலை வரலாம். இரண்டு இடம் கிடைத்தவர்கள் வேண்டாததை அன்றே விட்டுக்கொடுங்கள். அடுத்து நிற்பவர் உங்கள் கல்லூரி இளையவராகவே இருக்கலாம்.

விசாவில் முதல் நாட்டின் நீண்டகால விசாவுக்கே விண்ணப்பிக்க வேண்டும். செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட முன்கூட்டியே வங்கியில் போட்டு வைக்கும்படி ஜெர்மனி கேட்கும் ஆண்டுக்கு 11,904 யூரோ முடக்கக் கணக்குக்குப் பதிலாக உதவித்தொகைக் கடிதத்தைக் காட்டலாம். ஒன்றியத்தின் 2016/801 விதிப்படி, பன்னாட்டுத் திட்டத்தில் படிக்கும் மாணவர் முதல் நாட்டு வதிவிட அனுமதியை வைத்தே இரண்டாவது நாட்டில் 360 நாள் வரை படிக்கலாம். அதற்கு அனுமதி அட்டையில் திட்டத்தின் பெயர் இருக்க வேண்டும். அட்டை கைக்கு வந்ததும் சரிபாருங்கள். டென்மார்க்கும் அயர்லாந்தும் இந்த விதியில் இல்லை, பிரிட்டன் ஒன்றியத்திலேயே இல்லை. அங்கே பருவம் இருந்தால் தனி விசா, தனிச் செலவு, தனி அலைச்சல். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீடு தேடி, பெட்டி கட்டி, புதிய வங்கி, புதிய மருத்துவர் என்று தொடங்குவது எல்லோருக்கும் ஒத்துவராது. ஒரே ஆய்வகத்தில் ஆழமாக வேலை செய்ய விரும்புபவருக்கு இந்த அலைச்சல் இழப்பு. அவர்கள் ஒரே பல்கலைக்கழகத்தின் உதவித்தொகையைப் பார்ப்பது நல்லது.

முகவர்களுக்குப் பணம் கொடுப்பதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. பெரும்பாலான படிப்புகளுக்கு விண்ணப்பக் கட்டணமே இல்லை; கேள்விக்கு ஒருங்கிணைப்பாளர் மின்னஞ்சலில் நேரடியாகப் பதில் தருகிறார். முன்னாள் மாணவர்களும் கேட்டால் உதவுகிறார்கள். முகவர் எழுதித் தரும் கடிதம் எல்லோருக்கும் பொதுவானது, இந்தத் தேர்வில் தோற்பதும் அதே பொதுத்தன்மையால்தான்.

திரும்பி வந்து இங்கே கல்லூரி ஆசிரியராகவோ அரசுப் பணிக்கோ போக எண்ணுபவர்கள் 120 கிரெடிட் படிப்பையே எடுக்கட்டும். ஓராண்டு முதுகலை இந்தியப் பட்டத்துக்குச் சமம் என்னும் இணைச் சான்று வாங்குவதில் இந்தியாவில் நெடுங்காலமாகச் சிக்கல் இருந்திருக்கிறது. கூட்டமைப்பு தருவது ஒரே கூட்டுப் பட்டமா, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியாகத் தரும் பட்டங்களா என்பதைச் சேருமுன் எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள். பட்டச் சான்றிதழின் மாதிரிப் படிவத்தைக் கேட்டாலும் அனுப்புவார்கள்.