சிபில் கிளியர் பண்ணித் தருகிறோம் என்று யாராவது சொன்னால், பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

போன வாரம் ஸ்டாஃப் ரூமில் என்னோடு வேலை செய்கிற பெண் ஒருத்தி, "அக்கா, காந்திபுரத்துல சிபில் கிளியர் பண்ணித் தர்றாங்களாம், பன்னிரண்டாயிரம்தான் கேக்குறாங்க, குடுக்கலாமா?" என்று கேட்டாள். சிபில் என்பது நாம் வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டினோமா என்று பதிந்து வைக்கிற நிறுவனம், அதன் ரிப்போர்ட்டில் இருக்கிற கெட்ட பதிவை எடுத்துவிடுவதைத்தான் 'கிளியர்' என்கிறார்கள். விசாரித்தால் நான் ஏமாந்த அதே இடம், அதே பன்னிரண்டாயிரம். இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தது தப்பு என்று அப்போதுதான் உறைத்தது.

2015-இல் சென்னையில் வேலை பார்த்தபோது ஆபீஸ் வாசலில் டேபிள் போட்டு உட்கார்ந்திருந்தவர்களிடம் ஒரு கிரெடிட் கார்டு வாங்கினேன். இரண்டு வருடம் ஒழுங்காகத்தான் கட்டினேன். 2017-இல் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் வேலையை விட்டுவிட்டு கோவைக்கு வந்தபோது அதில் 18,400 ரூபாய் பாக்கி. ஆஸ்பத்திரி அலைச்சலில் அது போயே போய்விட்டது, போன் நம்பரும் மாறியது, கடிதம் எல்லாம் பழைய வாடகை வீட்டுக்குப் போயிருக்கும். 2024 ஜூனில் வீட்டுக்கடனுக்கு விண்ணப்பித்தபோது பேங்க் அதிகாரி ஸ்கிரீனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். மாதம் மாதமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள், முதல் வரிசையில் எல்லாம் 000, அடுத்து 030, 060, 090 என்று (எத்தனை நாள் தாமதம் என்ற கணக்கு) ஏறிக்கொண்டே போய், கடைசியில் 'ரிட்டன் ஆஃப்', அதாவது வராத கடன் என்று பேங்க் கணக்கில் எழுதி வைத்தது, வட்டியும் அபராதமும் சேர்ந்து பாக்கி 71,000. ஸ்கோர், அதாவது கடன் கட்டுகிற பழக்கத்துக்குப் போடும் மதிப்பெண், வெறும் 611. "இத முடிச்சிட்டு வாங்க மேடம், அப்புறம் பாக்கலாம்" என்றார். எப்படி முடிப்பது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அங்கேதான் அந்த ஏஜென்சிக்காரர் வந்தார். என் பான் கார்டு, ஆதார், சிபில் லாகின், ஓடிபி எல்லாம் வாங்கிக்கொண்டு, முன்பணம் ஐயாயிரம் வாங்கிக்கொண்டு, "நாப்பது நாள்ல அந்த என்ட்ரியே இருக்காதுக்கா, நாங்க உள்ள ஆள் வெச்சிருக்கோம்" என்றார். அவர் செய்த வேலை என்ன தெரியுமா? என் லாகினில் போய் 'இந்தக் கணக்கு என்னுடையது இல்லை' என்று ஒரு டிஸ்ப்யூட், அதாவது ரிப்போர்ட்டில் தப்பு இருக்கிறது என்ற ஆட்சேபம், போட்டார், அவ்வளவுதான். அதைப் போட ஒரு பைசா செலவில்லை, யார் வேண்டுமானாலும் அவரவர் போனிலேயே போடலாம். அதைவிடக் கொடுமை, கணக்கு என்னுடையதுதான், என் பெயரில் ஒரு பொய்யை எழுதி வைத்திருக்கிறார். பேங்க் 'தகவல் சரியே' என்று பதில் கொடுத்துவிட்டது. சிபில் மாதிரியான நிறுவனம் தானாக எதையும் அழிக்காது, கடன் கொடுத்தவர் திருத்தினால்தான் அங்கே மாறும். இதை அவர் என்னிடம் சொல்லவே இல்லை.

அப்புறம் அவரே ஒரு ரெக்கவரி ஏஜென்டை, பேங்குக்காகப் பாக்கி வசூலிக்கிற ஆளை, லைனில் சேர்த்துவிட்டார். இரண்டு பேரும் கூட்டு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அந்த ஆள் காலை 6.40-க்கு எல்லாம் கூப்பிட்டு "கோர்ட்ல கேஸ் போகுது, வாரண்ட் வரும்" என்று மிரட்டினான். காலை எட்டு மணிக்கு முன்னும் இரவு ஏழு மணிக்குப் பின்னும் வசூலுக்காகப் போன் செய்யக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லியிருக்கிறது. கார்டு பாக்கி கட்டாதது சிவில் விவகாரம், அதற்காக மட்டும் யாரும் வந்து கைது செய்ய முடியாது. கட்டாமல் விட்டு 3 வருடம் தாண்டிய பாக்கிக்கு 1963-ஆம் வருடத்து லிமிடேஷன் சட்டப்படி வழக்குப் போட்டு வசூலிப்பதும் பொதுவாக நடக்காது, ஆனால் 'கட்டுகிறேன்' என்று இப்போது எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் செத்த கடனுக்கு மறுபடி உயிர் வந்துவிடும், அதனால் எந்தத் தாளிலும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். அதே சமயம் 3 வருடம் ஆனதால் ரிப்போர்ட்டில் இருந்து போய்விடாது. 7 வருடத்தில் தானாக அழிந்துவிடும் என்று சொல்வதையும் நம்ப வேண்டாம், 7 வருடம் என்பது அவர்கள் குறைந்தபட்சம் வைத்திருக்க வேண்டிய காலம், பேங்க் பாக்கியைக் காட்டிக்கொண்டே இருந்தால் அது அங்கேயே இருக்கும்.

இதெல்லாம் எனக்கு அன்றைக்குத் தெரியாது. பயந்துவிட்டேன். 71,000-க்குப் பதில் 26,000 கட்டினால் போதும் என்றதும் பெரிய நிம்மதியாக இருந்தது. அவனுடைய சொந்த நம்பருக்கு ஜிபே பண்ணச் சொன்னான், என் தம்பி பக்கத்தில் இருந்ததால் "கார்டு அக்கவுண்ட்டுலதான் கட்டுவோம்" என்று பிடிவாதமாக நின்றோம், அதில் மட்டும் தப்பித்தேன். வாட்ஸ்அப்பில் ஒரு லெட்டரைப் போட்டோ எடுத்து அனுப்பினான். தொகையையும் கடைசித் தேதியையும் மட்டும் பார்த்துவிட்டு அன்றைக்கே கட்டினேன், ஏஜென்சிக்கு மீதி ஏழாயிரமும் கொடுத்தேன். அந்த லெட்டரின் நான்காவது வரியில், பொடி எழுத்தில், கணக்கு 'செட்டில்டு' என்று ரிப்போர்ட் செய்யப்படும் என்று இருந்தது.

நவம்பரில் மறுபடி போனால் அதே அதிகாரி மறுபடி தலையை ஆட்டினார். 'செட்டில்டு' என்றால் முழுசாகக் கட்டவில்லை, பேங்க் 45,000-ஐ விட்டுக்கொடுத்து முடித்துக்கொண்டது என்று அர்த்தமாம், வீட்டுக்கடன் கொடுப்பவர்களுக்கு அது ஆகாது. 'குளோஸ்டு' என்று வந்தால்தான் கதை நடக்கும். இந்த ஒரு வார்த்தை வித்தியாசத்துக்குத்தான் நான் அஞ்சு மாசம் அலைந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஏஜென்ட் யாரையும் நம்பாமல் பேங்கில் புகார்களைக் கவனிக்கிற நோடல் அதிகாரிக்கு நானே மெயில் அனுப்பினேன். எவ்வளவு அசல், எவ்வளவு வட்டி, எவ்வளவு அபராதம் என்று கணக்குக் கேட்டேன், கட்டினால் 'குளோஸ்டு' என்று மாற்றி நோ டியூஸ் (பாக்கி எதுவும் இல்லை என்கிற) சான்றிதழ் தருவதாக எழுத்தில் கேட்டு வாங்கினேன். அது கைக்கு வந்த பிறகுதான் நகையை அடகு வைத்து 45,000-ஐக் கட்டினேன். முதல் நாளே இப்படி ஒரு மெயில் போட்டிருந்தால் பன்னிரண்டாயிரம் மிச்சம், ஐந்து மாதமும் மிச்சம். உங்கள் பாக்கியை பேங்க் வேறு கம்பெனிக்கு விற்றிருந்தால், விற்றதற்கான கடிதத்தை அவர்கள் காட்டும் வரை அந்தக் கம்பெனிக்கு எதுவும் கட்டாதீர்கள், ஒரே கடன் இரண்டு பெயரில் நிற்கிறதா என்றும் ரிப்போர்ட்டில் பாருங்கள்.

கட்டிய பிறகும் ரிப்போர்ட் மாறவில்லை. 2025 ஜனவரி 20-இல் புகார் போட்டேன். புகாரை 30 நாளில் முடிக்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது, 2024 ஏப்ரலில் இருந்து நடப்பில் இருக்கிறது. முப்பது நாள் தாண்டியதும் ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மேன் (பேங்க் மீதான புகாரை விசாரிக்கிற அதிகாரி) தளத்தில் எல்லாக் கடிதத்தையும் ஏற்றினேன், அதற்கும் கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். மார்ச் 10-இல் 'குளோஸ்டு' என்று மாறியது. தாமதமான 19 நாளுக்கு 1,900 ரூபாய் என் அக்கவுண்ட்டுக்கு வந்தது. பார்த்து வைத்திருந்த சரவணம்பட்டி வீடு அதற்குள் வேறு ஒருவர் கைக்குப் போய்விட்டது. ஏஜென்சிக்காரர் போனை எடுப்பதே இல்லை.

நேற்று ஸ்டாஃப் ரூமிலேயே அந்தப் பெண்ணின் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தோம். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நான்கும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். அவளுக்கு இருப்பது 4,300 ரூபாய் பாக்கி, ஒரு செல்போன் தவணைக் கடன். முகவரி சேலம். அவள் சேலத்தில் இருந்ததே இல்லை, அதே பெயரில் வேறு யாரோ வாங்கியது. டிஸ்ப்யூட்டை அவள் கையாலேயே போட வைத்தேன், நம்பரைக் குறித்து வைத்திருக்கிறோம். இன்றோடு இரண்டு நாள்.